கழுத்தை இப்போதே திறப்பதா, கதிருக்கு விடுவதா, காத்திருப்பதா? உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் நான் போட்ட கணக்கு

இடது காதுக்குக் கீழே இருந்த கட்டி 2.8 செ.மீ. வலி இல்லை, முகம் கோணவில்லை. ஊசி போட்டு எடுத்துப் பார்த்ததில் மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்று வந்தது, உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் ஒரு வகை. அதற்குக் கீழே சின்னதாக ஒரு வரி: இந்த மாதிரியை வைத்து கிரேடு, அதாவது புற்று எவ்வளவு மூர்க்கமானது என்ற தரம், சொல்ல இயலாது. எம்.ஆர்.ஐ.யில் கழுத்து நிணநீர் முடிச்சுகள் எதுவும் சந்தேகப்படும்படி இல்லை. காதோரம் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியான பரோட்டிட்டைக் கட்டியோடு எடுத்தாக வேண்டும் என்பதில் நான் பார்த்த இரண்டு மருத்துவர்களுக்கும் ஒரே கருத்துதான். ஒத்துப்போகாத இடம் கழுத்து.

முதலாமவர், கழுத்தைத் தொட வேண்டாம், சுரப்பியை எடுத்துவிட்டு பயாப்சி ரிப்போர்ட்டைப் பார்ப்போம், தேவைப்பட்டால் கழுத்துக்கும் சேர்த்துக் கரன்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்துவிடலாம் என்றார். இரண்டாமவர், அதே மயக்கத்தில் இடப்பக்கக் கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிடலாம் என்றார். மூன்றாவது வழியைக் கேட்டது என் அக்கா. "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே டாக்டர், அங்க எதுக்குக் கத்தி வைக்கணும்? மாசா மாசம் பார்த்துக்கிட்டே இருக்கக் கூடாதா?"

நான் இரண்டாமவர் சொன்னதைச் செய்துகொண்டேன். மூன்று வருடம் ஆகிறது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. நான் மருத்துவன் அல்லன். என் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வதற்காகப் படித்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். கழுத்தில் நெறி கட்டியிருப்பது கைக்கே தட்டுப்பட்டாலோ, ஸ்கேனில் தெரிந்து ஊசியிலும் உறுதியானாலோ, இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அந்தப் பக்கக் கழுத்து முடிச்சுகளை எடுக்க வேண்டும், பிறகு பெரும்பாலும் கதிர்வீச்சும் வரும். நான் பேசுவது கழுத்து சுத்தமாகத் தெரிகிறவர்களைப் பற்றி மட்டும்.

சுத்தமாகத் தெரிவதும் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. முடிச்சு பெரிதானால், உருண்டால், உள்ளே அழுகினால் ஸ்கேன் காட்டும். சாதாரண அளவில் இருக்கும் முடிச்சுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு ஒதுங்கியிருக்கும் புற்றுச் செல்களை எம்.ஆர்.ஐ.யும் பார்க்காது, பெட் ஸ்கேனும் பார்க்காது. 1992இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையிலிருந்து வந்த ஓர் ஆய்வு, உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று வந்த 474 பேரை அலசியது. கட்டி 4 செ.மீ.க்குக் குறைவாக இருந்தவர்களில் இப்படி ஒளிந்திருந்த பரவல் 4%, அதற்கு மேல் இருந்தவர்களில் 20%. உயர் கிரேடு என்றால் 49%, மற்ற கிரேடுகளில் 7%. அளவைவிட கிரேடு எத்தனை மடங்கு கனமானது என்பதை இந்த நான்கு எண்களே சொல்லிவிடும். என் கட்டியின் அளவு என்னை 4% பக்கம் நிறுத்தியது. கிரேடு எந்தப் பக்கம் நிறுத்தும் என்று யாருக்கும் தெரியாது.

வகையும் முக்கியம். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று என்பது ஒரே நோய் அல்ல. இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் ஒரே பெயரின் கீழ் குடியிருக்கின்றன. சுரப்பி நாளப் புற்று கழுத்து முடிச்சுகளுக்குப் போவதில் முன்வரிசை. அசினிக் செல் வகையும், தாழ்ந்த கிரேடு மியூகோஎபிடெர்மாய்டும் அரிதாகவே போகும். அடினாய்டு சிஸ்டிக் வகை தனி ரகம். அது முடிச்சுகளைவிட நரம்போரமாக ஊர்ந்து போவதிலும், பல வருடம் கழித்து நுரையீரலில் தலைகாட்டுவதிலும்தான் பேர் போனது. அந்த வகைக்காரர்கள் கழுத்தைப் பற்றிய இந்தக் கட்டுரையைவிட, நரம்பைப் பற்றி மருத்துவரிடம் அரை மணி நேரம் பேசுவது மேல்.

இன்னொரு விசித்திரம், பரோட்டிட் சுரப்பிக்குள்ளேயே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கருவில் இந்தச் சுரப்பிக்கு உறை தாமதமாக உருவாவதால், பக்கத்திலிருந்த நிணத் திசு உள்ளே மாட்டிக்கொள்கிறதாம். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில் அப்படி இல்லை, அதன் முடிச்சுகள் வெளியே சுற்றிலும் கிடக்கின்றன. ஆகவே பரோட்டிட்டிலிருந்து கிளம்பும் செல்லுக்கு முதல் நிறுத்தம் பெரும்பாலும் சுரப்பிக்குள்ளேயே. அடுத்தது கழுத்தின் மேல்பகுதி. மருத்துவர்கள் கழுத்தை மட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். தாடைக்கு அடியில் 1, பெருஞ்சிரையை ஒட்டி மேலிருந்து கீழாக 2, 3, 4, பின்பக்கம் 5. பரோட்டிட்டுக்கு 2ஆம் மட்டம்தான் வாசல்.

காத்திருப்பது

அக்காவின் வழியை விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். தாழ்ந்த கிரேடு என்று உறுதியாகத் தெரிந்த சிறிய கட்டிக்கு இதுவே சரி. அங்கே கழுத்தைத் திறப்பது கொசுவை அடிக்கப் பீரங்கி எடுத்த கதை. முதல் இரண்டு வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறை கழுத்தைத் தடவிப் பார்ப்பது, இடையில் ஓர் அல்ட்ராசவுண்ட், பிறகு இடைவெளியை நீட்டிக்கொண்டே போவது. தோளுக்கும் கேடில்லை, எச்சிலுக்கும் கேடில்லை.

என் தயக்கம் "உறுதியாகத் தெரிந்த" என்ற இரண்டு சொற்களில். ஊசி டெஸ்ட், இது கெட்டதா நல்லதா என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லும். கிரேடு என்று வந்தால் தடுமாறும். அது எடுப்பது சில ஆயிரம் செல்களை, கிரேடு கட்டியின் மொத்த அமைப்பில் இருக்கிறது. மியூகோஎபிடெர்மாய்டில் இன்னும் சங்கடம்: கிரேடு போடவே ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு, ஒரே ஸ்லைடு ஒரு முறையில் நடுத்தரமாகவும் இன்னொன்றில் உயர்வாகவும் வரலாம். எனக்கு அந்த அளவுக்குக்கூட இல்லை, வெறும் "இயலாது".

கதிருக்கு விடுவது

முதலாமவரின் வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எண்கள் அவர் பக்கமும் பலமாகவே நிற்கின்றன. 2007இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில் 251 பேர். எல்லோருக்கும் கழுத்து சுத்தமாகத் தெரிந்தது, யாருக்கும் கழுத்து முடிச்சுகளை எடுக்கவில்லை, கட்டியை எடுத்த இடத்துக்குக் கதிர்வீச்சு எல்லோருக்கும் உண்டு. கழுத்துக்கும் சேர்த்துக் கதிர் வைத்தவர்களில் 10 ஆண்டுகளில் கழுத்தில் நோய் திரும்பியது 0%. வைக்காதவர்களில் 26%. பூஜ்யத்தோடு வாதாடுவது கஷ்டம்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். எப்படியும் கட்டி இருந்த இடத்துக்குக் கதிர் தேவைப்பட்டவர்கள். உயர் கிரேடு, பெரிய கட்டி, வெட்டியெடுத்த ஓரத்தில் நோய் மிச்சம், நரம்புக்குள் நுழைவு, இப்படி ஏதோ ஒன்று இருந்தால் கதிர் எப்படியும் வரும். வருகிற கதிரைக் கழுத்துக்கும் நீட்டுவது அதிகச் செலவில்லாத நீட்டிப்பு. அப்படிப்பட்டவருக்குக் கழுத்து அறுவையால் என்ன கூடுதல் என்று கேட்டால், என்னிடம் வலுவான பதில் இல்லை. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இது அரிய நோய், ஆட்கள் சேரமாட்டார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரிய கட்டிகளுக்கும் உயர் கிரேடுக்கும் கழுத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறது.

கதிர் எப்படியும் வராத ஆளுக்குத்தான் கணக்கு மாறுகிறது. அளவு வழக்கமாக 60 முதல் 66 கிரே (கதிரை அளக்கும் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு ஆறரை வாரம், முகத்துக்கு அச்செடுத்த முகமூடியை மேசையோடு இறுக்கிப் பூட்டிக்கொண்டு. தொடங்குமுன் பல் மருத்துவர் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. வாய் வறட்சி, சுவை மாற்றம், கழுத்துத் தோலும் தசையும் இறுகுவது, தைராய்டு மெல்லச் சோர்ந்துபோவது ஆகியவை பின்னால் வரும். இப்போதைய முறைகளில் எதிர்ப்பக்கச் சுரப்பியைக் காப்பாற்ற முடிகிறது, அதனால் வறட்சி முன்போல் மோசமில்லை என்று சிகிச்சை முடித்த இருவர் சொன்னார்கள். நான் அனுபவித்ததில்லை, அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

கழுத்தைத் திறப்பது

1906இல் ஜார்ஜ் கிரைல் எழுதி வைத்த கழுத்து அறுவையில் முடிச்சுகளோடு கழுத்துத் தசை, பெருஞ்சிரை, தோளைத் தூக்கும் நரம்பு எல்லாம் போய்விடும். கழுத்து அறுவை என்றதும் பெரியவர்கள் பயப்படுவது அந்தப் பழைய உருவத்தை நினைத்து. எனக்குச் செய்தது அதுவல்ல. தசை, சிரை, நரம்பு மூன்றையும் விட்டுவிட்டு, நோய் போகக்கூடிய மட்டங்களின் கொழுப்பையும் அதற்குள் பொதிந்திருக்கும் முடிச்சுகளையும் மட்டும் வழித்தெடுப்பது. எனக்கு 2, 3, 4. காதுக்கு முன்னால் தொடங்கும் அதே கீறலைக் கழுத்து மடிப்போடு கொஞ்சம் நீட்டினார்கள். கூடுதல் நேரம் ஒன்றரை மணிக்குள். தையலுக்குப் பக்கத்திலிருந்து தொங்கும் ட்ரெயின் குழாயோடு நான்கு நாள்.

இரண்டாமவர் சொன்ன திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் படிப்படியான போக்கு. முதலில் சுரப்பி. பிறகு வாசல் மட்டமான 2இலிருந்து முடிச்சுகளை எடுத்து உடனே ஃப்ரோசனுக்கு, அதாவது அறுவை நடக்கும்போதே உறையவைத்துச் சீவிப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவது. அதில் நோய் தெரிந்தால் 1ஐயும் 5ஐயும் சேர்த்து விரிவாகப் போவது, தெரியாவிட்டால் 4ஓடு நிறுத்துவது. "ஃப்ரோசன் தப்பும் சார்," என்று அவரே சொன்னார், "சின்னதா இருக்கிறதை விட்டுடும். அதனால இல்லைன்னு வந்தாலும் 2, 3, 4 எடுத்துட்டுத்தான் மூடுவேன்." தன் கருவியின் குறையைத் தானே சொல்கிற ஆளிடம் கழுத்தைக் கொடுக்கலாம் என்று அப்போது தோன்றியது. அறிவியல் காரணம் இல்லைதான்.

இனி என்னை முடிவெடுக்க வைத்த ஒரே விஷயம். மற்றதெல்லாம் சில்லறை.

மூன்று வழிகளில் இரண்டு, கழுத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நடப்பவை. காத்திருக்கும்போது இருந்தால் வளரட்டும், அப்போது தெரியும் என்று விடுகிறோம். கதிர் வைக்கும்போது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாகட்டும் என்று விடுகிறோம். கதிர் பட்ட கழுத்தில் ஒளிந்த நோய் இருந்ததா என்று எந்தக் காலத்திலும் யாருக்கும் தெரியாது. எடுத்து ஜாடியில் போட்டு, ஒவ்வொரு முடிச்சாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டுமே பதில் வரும். எத்தனை முடிச்சு, எத்தனையில் நோய், மிகப் பெரியது எவ்வளவு, உறையைத் தாண்டி வெளியே வந்திருக்கிறதா. இந்த நாலு வரிதான் அடுத்த ஆறு வாரமும் அடுத்த பத்து வருடமும் எப்படிப் போகும் என்று சொல்வது.

கிரேடு தெரியாத, நடுத்தர அளவுக் கட்டிக்காரனுக்கு இது ஏன் இவ்வளவு பெரிது? முடிவின் வரிசை தலைகீழாக இருப்பதால். கழுத்தைத் திறக்கலாமா என்பதை அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும், அதைத் தீர்மானிக்கும் கிரேடோ அறுவைக்குப் பிறகுதான் வருகிறது. கழுத்தைத் திறக்காமல் வெளியே வந்து, பத்து நாள் கழித்து "நடுத்தர கிரேடு" என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது? நடுத்தரம் என்பதுதான் எல்லா வழிகாட்டுதலும் மழுப்பும் இடம். ஓரம் சுத்தம், நரம்பு சுத்தம், ஆனால் கழுத்து தெரியாது. அந்தத் "தெரியாது" ஒன்றுக்காகவே ஆறு வாரக் கதிருக்கு ஆளாக வேண்டியிருக்கும். இல்லையென்றால் ஆறிக்கொண்டிருக்கும் தழும்புக்கு ஊடே மறுபடி நுழைய வேண்டும். அங்கே முக நரம்பின் கீழ்க்கிளை எங்கே ஒட்டியிருக்கிறது என்று முதல் தடவைபோல் தெளிவாகத் தெரியாது. முதல் திறப்பில் கழுத்தின் அடுக்குகள் புத்தகப் பக்கம்போல் பிரியும், இரண்டாவது தடவை நனைந்து காய்ந்த புத்தகம் என்றார் இரண்டாமவர்.

கதிரைக் கையில் வைத்திருப்பதும் இதில் சேர்த்தி. ஒரே இடத்துக்கு முழு அளவு கதிரை மறுபடி கொடுப்பது மிகக் கடினம். என்றைக்காவது அந்த இடத்திலேயே நோய் திரும்பினால் பயன்படும் ஒரு பெரிய ஆயுதத்தை, தேவை இருக்கிறதா என்றே தெரியாமல் இன்று செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் ரிப்போர்ட் வந்தது. கிரேடு நடுத்தரம். ஓரங்கள் சுத்தம், நரம்புக்குள் நுழைவு இல்லை. கழுத்திலிருந்து 19 முடிச்சுகள், சுரப்பிக்குள்ளிருந்து 3. இருபத்திரண்டிலும் நோய் இல்லை.

"அப்போ சும்மா அறுத்திருக்காங்க," என்றாள் அக்கா.

இதே கேள்வியை இன்னும் நாலு பேர் வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். எனக்கு அது சும்மா இல்லை. அந்த 22 பூஜ்யங்களை முன்னால் வைத்துத்தான் மருத்துவக் குழு எனக்குக் கதிர் வேண்டாம் என்று முடிவு செய்தது. கழுத்தைத் திறக்காமல் இருந்திருந்தால் அதே கட்டி, அதே கிரேடு, அதே ஓரங்களுக்குக் கதிர் வைப்பதா வேண்டாமா என்று தலையைச் சொறிந்திருப்பார்கள். சொறிந்துவிட்டு வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். ஒரு வேளை வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் அக்கா சொன்னதுதான் சரி.

என் வாதம் நொண்டும் இடங்கள் உண்டு. அறுவைக்கு முன்பே தடித்த ஊசி பயாப்சியில் தாழ்ந்த கிரேடு என்று நம்பும்படி தெரிந்திருந்தால் நான் கழுத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். முகம் ஏற்கெனவே கோணியிருந்தால், கட்டி தோலைப் பிடித்திருந்தால், கதிர் நிச்சயம் என்பதால் முதலாமவர் பக்கம் சாய்ந்திருப்பேன். எழுபத்தைந்து வயதில் இதய நோயும் இருந்தால் ஒன்றரை மணி நேரக் கூடுதல் மயக்கமே பெரிய விஷயம். அண்ணத்தில் வரும் சிறு சுரப்பிக் கட்டிகளுக்கு வடிகால் வேறு, இரண்டு பக்கமும் போகலாம். என் கணக்கை அங்கே பொருத்தக் கூடாது. என் மூன்று வருடமும் சின்ன காலம்தான்.

கழுத்தைத் திறந்ததற்கு நான் கொடுத்த விலையையும் எழுதிவிடுகிறேன். தோளைத் தூக்கும் நரம்பை வெட்டவில்லை, ஆனால் 2ஆம் மட்டத்தை வழிக்க அதை ஒதுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுப்பே போதும் அது கோபித்துக்கொள்ள. முதல் மூன்று மாதம் இடக்கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சியை முதல் மாதம் நான் ஒழுங்காகச் செய்யவில்லை, அது என் தப்பு. இரண்டாவது வாரமே தொடங்கியிருந்தால் சீக்கிரம் சரியாகியிருக்கும் என்றார் அவர். ஐந்தாம் மாதம் மேல் அலமாரிக்குக் கை எட்டியது. இப்போது நெடுநேரம் பை சுமந்தால் மட்டும் இழுக்கிறது. இடப்பக்கம் 4ஆம் மட்டத்துக்குக் கீழே பெரிய நிணக்குழாய் ஓடுகிறது, அது கசிந்தால் ட்ரெயினில் பால்போல் இறங்கும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். நான்கு நாளும் குழாயையே வெறித்துக்கொண்டிருந்தேன். பாலாக எதுவும் வரவில்லை.

காதுமடல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. அந்தக் கணக்கைக் கழுத்து அறுவை மேல் எழுத முடியாது, சுரப்பியை எடுக்கும்போதே அந்த உணர்வு நரம்பு பெரும்பாலும் போய்விடுகிறது, மூன்று வழியில் எதில் போயிருந்தாலும் மரத்திருக்கும். சவரம் செய்யும்போது அங்கே வெட்டுப்பட்டால் கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.